கழியைக் கையில் கொடுத்தவர்களுக்கு

இரவில் கடற்கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கும் ஆமை நடைத் தோழர்களுக்கு வணக்கம்.

2025 தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குச் சென்னை நீலாங்கரைக் கடற்கரையில் தயங்கித் தயங்கி வந்து நின்றேன். ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. ஓரமாக நின்று பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துவிடலாம் என்பதுதான் திட்டம். நீங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா? சரி, செருப்பைக் கழற்றிடுங்க" என்றீர்கள். அப்புறம் பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் நடக்கவைத்துவிட்டீர்கள்.

அந்த வருஷம் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கரையொதுங்கின. முதல் இரவில் உயிருள்ள ஆமையின் தடத்தைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று உடல்களைப் பார்த்துவிட்டேன். வாயடைத்து நின்ற என்னிடம், குப்பத்து அண்ணன் ஒருவர் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "இதுவும் நம்மள மாதிரி நுரையீரலால மூச்சு விடுறதும்மா. இழுவலையில மாட்டிக்கிட்டா மேல வர முடியாது, தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிடும்." பங்குனி ஆமை என்ற பெயரையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அண்ணே, உங்களுக்கு விடிந்தால் கடலுக்குப் போக வேண்டும். அன்று என்னால் உங்கள் தூக்கம் போனது.

கொட்டிவாக்கம் தாண்டியதும் நான் செய்த காரியம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அலையிலிருந்து ஓர் ஆமை ஏறி வந்துகொண்டிருந்தது. ஆசை தாங்காமல் படமெடுக்கச் செல்போன் விளக்கைப் போட்டேன். அது நின்றது, திரும்பியது, கடலுக்குள்ளேயே போய்விட்டது. யாரும் திட்டவில்லை. கூட நடந்துவந்த அக்கா ஒருவர் என் செல்போனை உள்ளங்கையால் மூடினார், அவ்வளவுதான். குஞ்சுகளும் வெளிச்சம் இருக்கும் பக்கம் போய்விடும், தெருவிளக்கைக் கடலென்று நினைத்து ரோட்டுக்கு வந்துவிடும் என்பதையெல்லாம் விடிகாலை டீ குடிக்கும்போதுதான் சொன்னார். அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை கடுமையாக வந்திருந்தால் மறுவாரம் நான் வந்திருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான், தெரியும்.

மறுவாரம் அதே அக்கா கழியை என்னிடம் கொடுத்தார். டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம், அதன் முடிவில் கலைந்த மணல். குத்திக் குத்திப் பார்த்ததில் ஓரிடத்தில் கழி சட்டென்று உள்ளே இறங்கியது. கையால் தோண்டினேன். எலுமிச்சம்பழ அளவில், தொட்டால் குழிகிற தோல்முட்டைகள். தம்பி சத்தமாக எண்ண எண்ண 112 வரை போனது. உருட்டாமல் துணிப்பையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டு மணலிலும் இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டோம். முட்டைகளைப் புதைத்துக் குஞ்சு பொரிக்கும்வரை காவல் காக்கும் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் கழுத்து குறுகி அடி அகன்ற குடம் மாதிரி குழி தோண்ட எனக்கு மூன்று முறை ஆனது. மணல் சரிந்துகொண்டே இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கொட்டாவி விட்டார்களே தவிர, "தள்ளுங்க, நான் பண்றேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த மடல் முழுக்க அந்தக் கொட்டாவிகளுக்குத்தான்.

பங்குனியில் அந்தக் கூட்டின் குஞ்சுகள் கடலுக்குப் போன மாலையில் எனக்காகவே ஒரு கூடையைத் தனியாக எடுத்துவைத்திருந்தீர்கள். அதைப் பற்றி எழுதினால் அழுகை வரும், விட்டுவிடுகிறேன்.

அதிகாலை நாலரைக்கே அடுப்பைப் பற்றவைத்த டீக்கடை அம்மாவுக்கும், பொரிப்பகத்தில் இரவெல்லாம் நாய்களை விரட்டியவர்களுக்கும், "ராத்திரியில பொம்பளப் பிள்ளைக்குக் கடற்கரையில என்ன வேலை" என்று கேட்டுவிட்டுக் கூடவே ஃபிளாஸ்க்கில் காபியும் ஊற்றிக் கொடுத்த என் அம்மாவுக்கும் நன்றி.

இந்தத் தைக்குப் பதினோரு பேர் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களில் யாராவது விளக்கைப் போட்டால் என்னிடம் விடுங்கள். அக்கா, உங்கள் கழி இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முதல் நடைக்குக் கொண்டுவருகிறேன்.