அது மேயாலின் ஆல்பமும்கூட

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலேய கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1966-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'புளூஸ் பிரேக்கர்ஸ்' ஆல்பத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் ஜான் மேயாலின் பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் போகிற போக்கில். அதை வாசித்த புளூஸ் பிரேக்கர்ஸ் குழு அவருடையது. பெரும்பாலான பாட்டுகளைப் பாடியவர் அவர், ஆர்கனும் பியானோவும் ஹார்மோனிகாவும் வாசித்தவர் அவர், சொந்தப் பாட்டுகளை எழுதியவரும் அவர்தான்.

கிளாப்டனுக்கு அப்போது 21 வயது. யார்ட்பேர்ட்ஸ் குழு பாப் பக்கம் சாய்ந்தது பிடிக்காமல் 1965-இல் விலகியவர். மேயால் அவரைச் சேர்த்துக்கொண்டதோடு தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். அந்த வீட்டில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான புளூஸ் இசைத்தட்டுகள் குவிந்து கிடந்தன. ஆல்பத்தில் வரும் 'ஆல் யுவர் லவ்' அமெரிக்க புளூஸ் கலைஞர் ஓட்டிஸ் ரஷ்ஷுடையது, 'ஹைட்அவே' இன்னொரு அமெரிக்கரான ஃப்ரெடி கிங்குடையது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1965-இல் கிளாப்டன் நண்பர்களோடு கிரீஸுக்குக் கிளம்பிவிட்டார். சில மாதம் கழித்துத் திரும்பியபோது, இடையில் சேர்த்திருந்த கிதார்காரர் பீட்டர் கிரீனை அனுப்பிவிட்டு இவரை மறுபடி எடுத்துக்கொண்டார் மேயால். வேறு யாராவது என்றால் கதவைச் சாத்தியிருப்பார்கள். (கிரீனுக்கு இது அநியாயம்தான்.)

கிதாரின் ஒலியைக் கட்டுரையாளர் மாயம் என்கிறார். மாயமெல்லாம் ஒன்றுமில்லை. கிளாப்டன் தன் கிப்சன் லெஸ் பால் கிதாரை மார்ஷல் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகி, மேடையில் வைக்கிற அளவுக்கே சத்தத்தைக் கூட்டி வைத்தார். அப்படிக் கூட்டினால்தான் ஆம்ப்புக்குள் ஒலியைப் பெருக்கும் வால்வுகள் திணறி ஒலி கரகரக்கும், சுரம் சட்டென்று அடங்காமல் நீளும். லண்டன் டெக்கா ஸ்டுடியோவில் அன்றைக்கு அது வழக்கமில்லை. சத்தத்தைக் குறைக்க மாட்டேன் என்று கிளாப்டன் அடம்பிடிக்க, ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன் கையைப் பிசைந்தார். தயாரிப்பாளர் மைக் வெர்னன் விட்டுக்கொடுத்தார். மைக்ரோஃபோனை ஆம்ப்பிலிருந்து தள்ளிவைத்துப் பதிவு செய்தார்கள். 'ஹேவ் யூ ஹேர்ட்' பாட்டின் கிதார் தனியாவர்த்தனத்தைக் கேளுங்கள்: கம்பியை வளைத்து இழுக்கும் சுரம் தேயாமல் அப்படியே நின்று அலறுகிறது. அந்த அலறலில் கிளாப்டனின் விரல்களோடு வெர்னன், டட்ஜன் இருவரின் துணிச்சலும் இருக்கிறது. கட்டுரையில் இருவர் பெயரும் இல்லை.

இன்னொன்று. 'டபுள் கிராசிங் டைம்' என்ற பாட்டு, குழுவை விட்டு மான்ஃபிரெட் மேன் குழுவுக்குப் போன பேஸ் கிதார்காரர் ஜாக் புரூஸை மனதில் வைத்து எழுதியது. மேயாலும் கிளாப்டனும் சேர்ந்து எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆல்பம் கடைக்கு வந்த அதே ஜூலையில் கிளாப்டன் அந்த புரூஸோடு சேர்ந்து 'கிரீம்' குழுவுக்குப் போய்விட்டார்! ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 6-ஆம் இடம் வரை ஏறியபோது மேயால் மறுபடி பீட்டர் கிரீனைக் கூப்பிட்டிருந்தார். கிரீன் போனதும் மிக் டெய்லர். கிரீன் ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கினார், டெய்லர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்தார். இத்தனை பேரைக் கண்டெடுத்தவரைப் பக்கவாத்தியக்காரர் போல எழுதினால் எப்படி?

மேயால் 2024 ஜூலை 22 அன்று 90 வயதில் காலமானார். ஆல்பம் வெளியானதும் 1966-இல் அதே ஜூலை 22-தான். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடலாம். அப்புறம், 'ஹைட்அவே' கிளாப்டன் இயற்றியது என்று படக்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். அதை இயற்றிய ஃப்ரெடி கிங், சானி தாம்ப்சன் பெயர்களோடு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி