மேல் இமையைப் புரட்டிப் பாருங்கள்

வடசென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெயில் ஏறினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கண் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கன்டெய்னர் லாரிப் புழுதியைப் பற்றியும் நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகனைப் போன வாரம் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெட்ராஸ் ஐயாம். சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனால், அவன் உட்காருவதற்குள் ஆன்டிபயாடிக் சொட்டு எழுதியாகிவிட்டது. வருடா வருடம் இப்படித்தான் இரண்டு கண்ணும் அரிக்கிறது, காலையில் நூல் நூலாகப் பீளை வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "அடுத்த ஆள்" என்றார்கள்.

ராத்திரி அவன் கண்ணைக் கசக்காமலிருக்க இரண்டு கையையும் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன். கொஞ்சம் அசந்தால் தலையணை உறையில் தேய்க்கிறான்.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒட்டும், ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். என் மகனுக்கு இருப்பது ஒவ்வாமை; ஒட்டாது. அரிப்புதான் இதன் முதல் அடையாளம். பையன்களுக்கு அதிகம் வரும் 'வெர்னல்' வகையில் மேல் இமையின் உட்புறம் பலாத்தோல் போலத் தடித்திருக்கும். முற்றினால் கருவிழியில் புண்ணே வரலாம். வெளியே பார்த்த கண் மருத்துவர் இமையைப் புரட்டியதுமே சொல்லிவிட்டார். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மருந்து எழுதச் சொல்லுங்கள்.

அவர் எழுதிய ஓலோபடடின் என்ற, ஸ்டீராய்டு இல்லாத ஒவ்வாமைச் சொட்டு நிலையத்தில் இல்லை. ஸ்டீராய்டு சொட்டு மட்டும் தெருமுனை மெடிக்கலில் சீட்டே இல்லாமல் கிடைக்கிறது. போட்டதும் சிவப்பு மறையும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் விழலாம். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அழுத்தம் ஏறியேவிட்டது. நீங்கள் முகாம் வைக்கிறீர்கள், பேனர் கட்டுகிறீர்கள், தாத்தா பாட்டிக்குக் கண்ணாடி கொடுத்துப் படம் எடுக்கிறீர்கள், சந்தோஷம். பேனரில் சிரிக்கிறவர்களின் கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண் சிவந்து வரும் பிள்ளையின் இமையைத் தயவுசெய்து புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இல்லாத சொட்டைக் கோடைக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தே ஆகவேண்டிய பிள்ளைகளை, கண் அழுத்தம் பார்க்க வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். அப்புறம், இது ஒட்டாது என்று பள்ளிக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு வராமல் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய்