யாருடைய ரிஸ்க்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடுவில் ஒரு வரி: ‘சிறு நிறுவனங்கள் ரிஸ்க் எடுக்கத் தயங்குவதால் அங்கே புதுமை பிறப்பதில்லை.’ எழுதியவர் மாதச் சம்பளக்காரராக இருக்க வேண்டும். குறையாகச் சொல்லவில்லை, நானும் 11 வருடம் சம்பளம் வாங்கியவன்தான்.

அந்தப் பெரிய நிறுவனத்தில், லேத்தில் வேலைத்துண்டை மாட்டும் நேரத்தைக் குறைக்க ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். ஏழு கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஐந்தாமவர், “இதை வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?” என்று கேட்டார். யாரும் செய்யாததால்தானே ஐயா அதற்குப் புதுமை என்று பெயர்! ஃபைல் அவர் மேஜையிலேயே தூங்கிப்போனது. வேண்டாம் என்று சொன்னதற்காக அங்கே யாருக்கும் பதவி உயர்வு நின்றதில்லை. சரி என்று சொல்லி, அது தோற்றால்தான் விளக்கம் கேட்பார்கள்.

கேமரா பிலிம் விற்ற கோடக் நிறுவனத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1975-இல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவர் அவர்களுடைய பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான். பிலிம் லாபம் கண்ணை மறைத்தது. 2012-இல் திவால் என்று நீதிமன்றம் போனார்கள். அதே வருடம், 13 பேர் வேலை பார்த்த இன்ஸ்டாகிராமை ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்கியது. இதுவும் பெரிய நிறுவனத்தின் புதுமைக் கணக்கில்தான் சேருமோ என்னவோ!

1947-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் வந்ததை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் தொலைபேசி ஏகபோகத்தின் பணம் இருந்தது. வருடக்கணக்கில் காத்திருக்க முடிந்தது. அது வசதி. அதைத் துணிச்சல் என்று எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு வலிக்காதா?

வேலையை விட்டுப் பட்டறை வைத்தேன். வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஏழு கையெழுத்துக்குக் காத்திருந்த அதே யோசனை மூன்று மாதத்தில், வேலைத்துண்டைப் பிடித்து நிறுத்தும் ஜிக் ஆனது. முதல் இரண்டு உடைந்தன, மூன்றாவது நின்றது. ஒரு பெரிய நிறுவனம் சாம்பிள் கேட்டது, அப்புறம் டிராயிங் கேட்டது, அப்புறம் போனை எடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவர்களுடைய தொழிற்கூடத்தில் என் ஜிக்கைப் பார்த்தேன், வேறு பெயின்ட் அடித்திருந்தார்கள். இன்னொரு நிறுவனம் முறையாக வாங்கியது. பில் பணம் வர எட்டு மாதம் ஆனது. அதுவரை கூலியும் வட்டியும் என் தலையில். இதில் ரிஸ்க் யாருடையது என்று கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

உங்கள் ‘புதுமையாளர்கள்’ சிறப்பிதழிலும் அத்தனை படமும் கோட்டு சூட்டு. அப்போதே ஒரு கடிதம் போட்டேன். இடமில்லை போலும்.

ஒரு சிறு வேண்டுகோள்தான். அடுத்த முறை பேட்டிக்கு, பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் பட்டறை ஒன்றையாவது எட்டிப் பாருங்கள். காலையில் வந்தால் நல்லது; அப்புறம் லேத் சத்தத்தில் பேச முடியாது.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்