வேலூர் பூட்டு ஆர்வலர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாவியில்லாமல் பூட்டைத் திறந்து பழகுவதை விளையாட்டாகக் கொண்ட நாம், வழக்கம்போல் மாதம் ஒரு ஞாயிறு சத்துவாச்சாரியில் கூடினோம், மே மாதம் தவிர. அக்னி நட்சத்திர வெயிலில் விரல் வியர்த்து, சாவித்துளையில் விட்டுத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் கம்பி வழுக்கினால் எந்தப் பூட்டும் பேசாது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் 'கதவுப் பூட்டு' என்று ஒரு செலவு வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஆண்டு முழுக்க ஸ்பூல் பின்னோடுதான் மல்லுக்கட்டு. சாவி திருப்பும் உள்ளுருளையைத் திரும்பவிடாமல் தடுத்து நிற்கும் சிறு உலோகத் துண்டுதான் பின். சாதாரண பின் என்றால் இறுகி நிற்பதைத் தூக்கி, 'டிக்' என்றதும் அடுத்ததற்குப் போகலாம். ஸ்பூல் பின் உடுக்கை மாதிரி இடை சிறுத்தது. உள்ளுருளை லேசாகத் திரும்பி நிற்கும். திறந்துவிட்டது என்று கை துள்ளும். திறந்திருக்காது, உடுக்கையின் இடுப்பில் மாட்டியிருக்கும். 'பொய்த் திறப்பு' என்று எங்களுக்குள் பேர். அப்போது இன்னும் அழுத்தித் திருப்பத்தான் எல்லாருக்கும் தோன்றும். கூடாது. அந்தப் பின்னைத் தூக்கத் தூக்க, உருளை விரலை எதிர்த்துப் பின்னால் வரும். வர விட வேண்டும். பிடியை நூலளவு தளர்த்தினால் போதும். முழுக்க விட்டால் நின்ற பின் எல்லாம் பொலபொலவென்று விழும். எப்படியும் ஒன்றிரண்டு விழத்தான் செய்யும், மறுபடி தூக்கிக்கொள்ளலாம்.

இதைக் கற்றுத்தந்தவர் காட்பாடி அண்ணன். பூட்டைக் கழற்றி முதலில் ஒரே ஒரு ஸ்பூல் போட்டுத் தந்தார். அது கைக்கு வந்ததும் இரண்டு, அப்புறம் மூன்று. கழற்றியபோது தெறித்த ஸ்பிரிங் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. பல் வெட்டிய பின்னுக்கும் போனோம். பல்லுக்குப் பல் 'டிக்' என்று பொய் சொல்கிறது. அதில் தேறியவர் சிலரே.

ஐந்து நிமிடத்தில் சலித்துக்கொள்ளும் தம்பிகளுக்காக ஒரு கூட்டத்தில் அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் கதையைச் சொன்னோம். 1851 லண்டன் பொருட்காட்சி சமயத்தில் திறக்கவே முடியாது என்று பேர்பெற்றிருந்த பிராமா பூட்டைத் திறக்க அவருக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையும் சிலர் கேட்டார்கள். அது பின்னுக்குப் பதில் தட்டைத் தகடுகள் தடுத்து நிற்கும் லீவர் பூட்டு, வேறு பாடம். அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

சரி, கதவு விஷயம். சொந்தப் பூட்டைத் தவிர வேறு தொடக்கூடாது, புழக்கத்தில் உள்ள பூட்டில் கை வைக்கக்கூடாது. நம்மிடம் இருப்பதே இந்த இரண்டு விதிதான். நவம்பரில் இரண்டையும் மீறியவர் செயலாளர். சாவியை வீட்டில் விட்டுவிட்டு, கூட்ட அறைக் கதவைப் பார்த்து 'அஞ்சு பின்தானே' என்று உட்கார்ந்தேன். உருளை திரும்பி நின்றது. ஆண்டு முழுக்க ஊருக்குச் சொன்னதை மறந்து அழுத்தினேன். ஹாக்ஸா பிளேடை ராவிச் செய்த, பின் தூக்கும் கொக்கி உள்ளேயே ஒடிந்தது. சாவிக்காரர் வந்து சிலிண்டரை மாற்றிவிட்டு, "நீங்கதான் பூட்டுச் சங்கமா சார்?" என்று கேட்டார்.

அந்தத் தொகையை என் பெயரில் எழுதச் சொல்லிவிட்டேன். புதுச் சாவி ஒன்று பொருளாளரிடம், ஒன்று கட்டட உரிமையாளரிடம் இருக்கிறது. என்னிடம் தரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்