முழுக்கைச் சட்டை தைத்த அண்ணாச்சிக்கு

முக்கூடல் சொந்தங்களுக்கும் எங்களுக்காக அலைந்த எல்லாருக்கும் வணக்கம்.

முன்பணம் கொடுத்து முறுக்குப் போடும் வேலைக்குக் கூட்டிப்போயிருந்த தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறான். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு முதலில் போன் போட்ட பக்கத்து வீட்டு மதினி, அகால வேளையிலும் சலிக்காமல் பதில் சொன்ன அக்காமார், குழந்தைகள் நலக் குழுவில் அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசிய மேடம், அவனைத் தேடிப்போய்க் கூட்டிவந்த போலீஸ்காரர்கள், அம்மா அலைந்த நாளெல்லாம் அவள் பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கடையில் போட்ட தெருப் பெண்கள், டி.சி. கேட்காமல் வயதுக்கேற்ற எட்டாம் வகுப்பிலேயே பேர் எழுதிக்கொண்ட தலைமையாசிரியர், உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பஜாரில் தையல் மிஷின் போட்டிருக்கும் அண்ணாச்சிக்காகத்தான். தம்பி கையில் முழங்கைக்குக் கீழே முறுக்குச் சட்டியின் எண்ணெய் தெறித்த தழும்புகள். "அரைக்கைச் சட்டை போட்டா எல்லாப் பயலுவளும் கேப்பானுவ, நான் போவல" என்று படுத்துக்கொண்டான். ஒருவழியாகச் சமாதானம் சொல்லி யூனிபார்ம் துணியோடு அண்ணாச்சியிடம் கூட்டிப்போனேன்.

தோளிலிருந்து டேப்பை இறக்கியவர் கையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. டேப்பை மணிக்கட்டு வரைக்கும் இழுத்தார். "முழுக்கையா வச்சிருவோம்டே, ஐப்பசி மழை வருதுல்லா" என்றார். துணி பத்தாதே என்றேன். "எங்கிட்ட கெடக்கு தாயி."

கூலி வாங்கிக்கொண்டார். அதற்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன். சும்மா தைத்துக் கொடுத்திருந்தால் தம்பி கூசிப்போயிருப்பான். கை முனையில் துணியை அகலமாக உள்ளே மடித்துத் தைத்திருக்கிறார், வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்ள. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், அதே வகுப்பில் படிக்கும் அண்ணாச்சியின் பேரனும் முழுக்கைச் சட்டையில் நிற்கிறான். வெள்ளிக்கிழமை வரை அரைக்கை போட்டவன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்த்த பையனிடம் காமராஜர் ஏன் படிக்கப் போகவில்லை என்று கேட்டதாகவும், "போனா சோறு யாரு போடுவா?" என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் நம்ம பக்கத்தில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் எது நிற்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். என் தம்பிக்கு அது சட்டைக் கை. அண்ணாச்சி கேட்காமலே தெரிந்துகொண்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1986-லேயே பிள்ளைகள் செய்யக்கூடாத வேலைகளின் பட்டியலில் பீடி இருந்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்து செய்தால் அந்தத் தடை பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள். நம்ம வீடுகளில் நடப்பதே அதுதானே? பீடிக் கடை பாஸ்புக் அம்மா பேரில், பீடி முனையை மடக்குவது பிள்ளைகளின் விரல். நானும் அப்படி மடக்கியவள்தான். 2016-ல் திருத்தம் வந்து, பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்கு தவிர, 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்றாகிவிட்டது. அப்படியும் முன்பணத்தை நீட்டிப் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வரத்தான் செய்கிறது.

இனி நம்ம தெருவுக்கு அப்படி ஒரு ஆள் வந்தால் 1098-க்கு முதல் போன் என்னுடையதாக இருக்கும். படிப்பு விட்டுப்போன பிள்ளை வீட்டில் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்ப முடியாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன். சட்டை தைக்கணும் என்றால் அண்ணாச்சி கடைக்கும் நானே கூட்டிப்போகிறேன்.