மர்மம் எழுதுமுன் குப்பையைக் கிளறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பழங்கால மர்மங்கள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் ‘இதை எப்படிச் செய்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது’ என்று பத்திக்குப் பத்தி வருகிறதே, அங்கேதான் எரிச்சல் வந்தது. எழுதியவருக்குத் தெரியாது என்றால் சரி, ஒத்துக்கொள்ளலாம். யாருக்குமே தெரியாது என்று அவர் எப்படிச் சொல்கிறார்?

கீசாவின் பெரிய பிரமிடையே எடுத்துக்கொள்வோம். சுமார் 23 லட்சம் கற்கள், ஒரு கல் சராசரியாக இரண்டரை டன், கட்டி முடித்தபோது 146 மீட்டர் உயரம், இதையெல்லாம் கட்டுரை சொல்லிவிட்டது. மெரரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னன் காலத்தில் சுமார் 40 பேர் கொண்ட குழுவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் மெரர். செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில், பியேர் தாலே என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளரின் குழு 2013-இல் கண்டெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளில் அவருடைய வேலைப் பதிவேடும் இருந்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவைதான். படித்தால் கொஞ்சம் போரடிக்கும் என்பதே அதன் அழகு. தூரா குவாரியில் கல் ஏற்றினோம், படகை விட்டோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம், பிரமிடுக்குப் போய்ச் சேர்ந்தோம், திரும்பவும் தூரா. பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. கூஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்ஹாஃப் மேலதிகாரியாக வருகிறார். கூடவே கிடைத்த மற்ற துண்டுகளில் உணவு வந்துசேர்ந்த கணக்கு. 4,500 ஆண்டுக்கு முந்தைய லாரி டிரைவரின் டிரிப் ஷீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேற்றுக்கிரகவாசிகள் வந்து போனதாக அதில் குறிப்பு இல்லை!

மெரர் கொண்டுபோனது வெளிப்புறத்துக்கான வெள்ளைச் சுண்ணாம்புக் கல்தானே, உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான கல்லுக்கு என்ன பதில் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உள்ளே இருப்பவை பெரும்பாலும் அதே மேட்டில், பிரமிடுக்குத் தெற்கே இருந்த குவாரியில் வெட்டியவை. அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. கிரானைட் மட்டும் தொலைவில் உள்ள அஸ்வானிலிருந்து நைல் வழியாக வந்தது. அஸ்வானுக்குப் போனால், பிற்காலத்தில் வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு ஒற்றைக்கல் தூண் பாறையிலேயே படுத்துக்கிடப்பதைப் பார்க்கலாம். ஏறக்குறைய 42 மீட்டர் நீளம், எழுப்பியிருந்தால் ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. பாறையில் விரிசல் கண்டதும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுற்றிலும் வெட்டிய அகழியில், கெட்டியான டோலரைட் உருண்டைகளால் குத்திக் குத்திக் குடைந்த குழிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, உருண்டைகளும் அங்கேயே கிடைத்தன. லேசர் வைத்திருந்தவன் எதற்கு உருண்டைக் கல்லால் குத்துகிறான்?

அப்புறம், கூஃபுவின் அப்பா ஸ்னெஃப்ரு. அவர் தாஷூரில் கட்டிய பிரமிடு சுமார் 54 பாகைச் சாய்வில் கிளம்பி, பாதிக்கு மேல் 43 பாகைக்கு இறங்கிவிடுகிறது. பார்த்தாலே தெரியும், முதுகு வளைந்து நிற்கும். கட்டும்போதே ஆட்டம் கண்டிருக்கிறது, பயந்து சாய்வைக் குறைத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலானோர் சொல்லும் விளக்கம். அதற்கு அடுத்து அவர் கட்டியதை முதலிலிருந்தே ஏறக்குறைய அந்தக் குறைந்த சாய்விலேயே கட்டினார்கள். மகன் காலத்தில்தான் கீசா. மூன்றையும் வரிசையாகப் பார்த்தால், தப்புச் செய்து தொழில் கற்ற ஒரு கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது.

எனக்கு முக்கியமான விஷயம் இதுதான். ஒரு பெரிய வேலை நடந்த இடத்தில் குப்பை இருக்கும். சாப்பிட்டுப் போட்ட எலும்பு, உடைந்த பானை, சாம்பல், உளிச் சில், பாதியில் கைவிட்ட கல், செத்துப்போன வேலைக்காரனின் சமாதி. கீசாவில் இவை எல்லாமே கிடைத்திருக்கின்றன. தொல்லியலாளர் மார்க் லெனர் குழு பல ஆண்டுகள் தோண்டிய தொழிலாளர் குடியிருப்பில் ரொட்டி சுட்ட இடங்கள், மாட்டெலும்பு, ஆட்டெலும்பு. மேட்டுப் பக்கம் 1990-இல் கண்டுபிடித்த வேலையாட்களின் கல்லறைகள், அங்கிருந்த எலும்புகளில் பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகளும், முறிந்து பிறகு ஒழுங்காகக் கூடிய கை எலும்புகளும். மாற்றுக் கோட்பாடு சொல்பவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றைத்தான். உங்கள் ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள், மிச்சத்தை எங்கே கொட்டினார்கள்?

பனி யுகத்திலேயே உலகெங்கும் கப்பல் விட்ட ஒரு நாகரிகம் இருந்தது, கடல் விழுங்கிவிட்டது என்ற கதை இப்போது நன்றாக விலை போகிறது. கடல் ஏறியது உண்மைதான், கடைசிப் பனி யுகத்தின் உச்சத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் 120 மீட்டர். ஆகவே கடலுக்கடியில் தேட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. தேடியும் இருக்கிறார்கள். 1931-இல் வடகடலில் மீன்பிடிக் கப்பல் ஒன்றின் வலையில் சிக்கிய கரிமண் கட்டிக்குள் கொம்பில் செதுக்கிய ஒரு ஈட்டி முனை இருந்தது. பிரிட்டனையும் ஐரோப்பாவையும் இணைத்திருந்து மூழ்கிப்போன சமவெளியில் வாழ்ந்த வேட்டைக்காரர்களுடையது அது. ஒரு கொம்பு முனை தப்பிப் பிழைத்துக் கைக்கு வருகிறது, ஒரு உலகப் பேரரசு ஒரு ஆணியைக்கூட விட்டுவைக்கவில்லையா? சரி, கரையோரம் எல்லாம் போனது என்றே வைத்துக்கொள்வோம். புகை எங்கே போயிற்று? ரோமானியர் ஸ்பெயினில் வெள்ளியும் ஈயமும் உருக்கியபோது எழுந்த மாசு கிரீன்லாந்தின் பனி அடுக்கில் படிந்து கிடக்கிறது, துளையிட்டு எடுத்து ஏறக்குறைய ஆண்டுவாரியாகப் பார்க்கிறார்கள். அதே பனியில் பனி யுக அடுக்குகளும் கீழே இருக்கின்றன. அங்கே அப்படி உலோகம் உருக்கிய தடயம் எதுவும் கிடையாது.

‘அறிஞர்கள் மறைக்கிறார்கள்’ என்று கட்டுரை முடிகிறது. பிடிவாதம் உண்டு, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. சிலியில் மொண்டே வெர்டே என்ற இடத்தை 1977 முதல் தோண்டிய டாம் டில்லஹே, அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர் வந்த காலம் எல்லோரும் நினைப்பதைவிடப் பழையது என்று சொன்னபோது இருபது வருஷம் அவரைப் படுத்தி எடுத்தார்கள். ஆனால் அவர் கையில் என்ன இருந்தது? கூடார முளை, அந்த முளையில் முடிச்சுப் போட்ட நார், காட்டு உருளைக்கிழங்கின் மிச்சம், ஈரக் களிமண்ணில் ஒரு சின்னக் காலடி. மறுத்தவர்களில் சிலர் உட்பட ஒரு குழு 1997-இல் நேரில் போய்ப் பார்த்து ஒத்துக்கொண்டது. 2021-இல் நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டு பழையவை என்று வெளியானபோதும் பெரிய சண்டை, வேறு முறைகளில் மறுபடி கணித்துப் பார்த்தார்கள், அதே காலம்தான் வந்தது. துருக்கியின் கோபெக்லி தெப்பேயில் கி.மு. 9500 வாக்கில், விவசாயம் வேரூன்றுவதற்கு முன்பே, ஐந்தரை மீட்டர் தூண்கள் நட்டிருக்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டியதும் கிளவுஸ் ஷ்மிட் என்ற தொல்லியலாளர்தான். தூண்களைச் சுற்றி மான் எலும்புகளும் தானியம் அரைத்த கற்களும் குவியல் குவியலாக. பார்த்தீர்களா, மறுபடி குப்பை.

இதற்கு நேர்மாறாக இந்தோனேசியாவின் குனுங் பாடாங். 25,000 ஆண்டுக்கு முந்தைய பிரமிடு என்று 2023-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது, 2024-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. காலம் கணித்தது துளையிட்டு எடுத்த மண்ணுக்கு. அந்த மண்ணில் மனிதன் கை பட்ட அடையாளம் எதுவும் இல்லை. எந்த இடத்தில் தோண்டினாலும் ஆழத்தில் பழைய மண் கிடைக்கத்தான் செய்யும்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே, யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். தென் ஆப்பிரிக்கப் பகுதியில், இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் உள்ள பழைய கல்நகரமான கிரேட் ஜிம்பாப்வேயின் கதையைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். 1871-இல் கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் அந்தக் கல்மதில்களைப் பார்த்தார். ஒரு நிலைக்கட்டையிலிருந்து சிம்பு எடுத்து, தன் பென்சில் மரம் போலவே இருக்கிறது, ஆகவே லெபனான் தேவதாரு, ஆகவே பைபிளில் வரும் ஷேபா ராணியின் அரண்மனை என்று முடிவு கட்டினார். ஒரு பென்சிலிலிருந்து ஒரு ராணி! பிறகு அந்த இடத்துக்குப் பொறுப்பாக வந்த ரிச்சர்ட் ஹால், 1902 முதல் 1904 வரை, மேலே கிடப்பது ஆப்பிரிக்கர்களின் அழுக்கு, அடியில்தான் அசல் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி மண்ணடுக்குகளை வாரி வெளியே கொட்டினார். அந்த அழுக்குதான் சாட்சி. மிஞ்சியதை வைத்தே தொல்லியலாளர்கள் 1905-இல் ராண்டல்-மக்கைவரும் 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் இது உள்ளூர் ஆப்பிரிக்கர்கள் கட்டியது என்று நிறுவினார்கள். அதற்குப் பிறகும் ரொடீசிய (ஜிம்பாப்வேயின் பழைய பெயர் ரொடீசியா) வெள்ளை அரசு அந்த உண்மையைச் சொல்லவிடாமல் தொல்லியலாளர்களை நெருக்கியது. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலைக் கட்டியது யார் என்று எந்த மர்மத் தொடரும் கேட்பதில்லை, கவனித்திருப்பீர்கள்.

அடுத்த பகுதியில் லெபனானின் பால்பெக் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். ரோமானியக் கோயிலின் அடித்தளத்தில் தலைக்குச் சுமார் 800 டன் எடையுள்ள மூன்று கற்கள், நிச்சயம் படம் போடுவீர்கள். குவாரியில் இன்னும் பெரிய கற்கள் நகர்த்தப்படாமலே கிடக்கின்றன. 2014-இல் மண்ணை விலக்கியபோது தெரியவந்த ஒன்று ஏறக்குறைய 1,650 டன் இருக்கும் என்று கணித்தார்கள். தூக்கியதை மட்டும் போடாமல், தூக்காமல் விட்டதையும் பக்கத்திலேயே போடுங்கள். படத்துக்கு ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தைக் கேட்கலாம், அங்கே தோண்டியவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்