பச்சையை மட்டும் பார்க்க விரும்பும் நிர்வாக இயக்குநருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் நடந்தது உங்களுக்கே தெரியும். டெஸ்டிங் முடியவில்லை, இந்த மாதம் ரிலீஸ் வேண்டாம் என்று சொன்னவரை எல்லார் முன்னாலும் வெளியே போகச் சொன்னீர்கள். மறுநாள் அவர் அந்த ப்ராஜெக்டிலேயே இல்லை. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அவர் சொன்னது தவறு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, நீங்கள் உட்பட.

இப்போதெல்லாம் மீட்டிங்குக்கு முந்தின இரவு எக்செல் ஷீட்டைத் திறந்து, சிக்கல் என்று காட்டும் மஞ்சள் கட்டங்களை எல்லாம் சரி என்று காட்டும் பச்சையாக்குகிறோம். வேலை நகர்வதில்லை, நிறம் மட்டும் மாறுகிறது. காலையில் உங்கள் உதவியாளருக்கு மேனேஜர்கள் வரிசையாக மெசேஜ் அனுப்புகிறார்கள்: "சார் இன்னைக்கு எப்படி?" கட்டைவிரல் மேலே பார்த்து வந்தால் வாய் திறப்பார்கள். கீழே பார்த்து வந்தால் அடுத்த வாரம். அப்படித் தள்ளித் தள்ளிப் போட்ட ஒரு புகார் உங்கள் காதுக்கு வந்தபோது, அந்த வாடிக்கையாளர் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டிருந்தார். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று மேசையைத் தட்டினீர்கள். பதில் தெரிந்த அத்தனை பேரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2006-இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஆலன் முலாலி தலைவராக வந்தபோதும் இதே கதைதான். அந்த ஆண்டு நிறுவனத்துக்கு 1,270 கோடி டாலர் நஷ்டம். ஆனால் வாராந்திரக் கூட்டத்தில் எல்லா அட்டவணையும் பச்சை. கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, ஒரு புதிய காரின் வெளியீட்டில் சிக்கல் என்று சிவப்பைக் காட்டினார். அவர் வேலை போயிற்று என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். அப்புறம்தான் மற்றவர்களின் அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் எட்டிப் பார்த்தன. அதே ஃபீல்ட்ஸ் 2014-இல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். நம் அலுவலகத்தில் என்றால் வாசல் வரைக்கும்தான் போயிருப்பார்.

இதற்கு மருந்தாக மனிதவளத் துறை பணிக் கலாச்சாரப் பயிற்சி என்று அரை நாள் பந்து தூக்கிப் போட்டு விளையாட வைத்தது. வரவேற்பறையில் "நாம் ஒரே குடும்பம்" என்று புதுப் பலகை வேறு. மனம் திறந்து எழுதலாம், பெயர் வேண்டாம் என்று ஒரு கருத்துக்கணிப்பும் வந்தது. முதல் கேள்வியே பணியாளர் எண். எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பதாக முடிவு வந்ததாம், வராமல் என்ன செய்யும்?

சரி, கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போகிறேன். மன்னிக்கவும்.

உங்கள் உழைப்பையோ திறமையையோ யாரும் குறை சொல்லவில்லை. உங்கள் கோபத்துக்கு ஏற்றபடி உங்களுக்குச் செய்தி வடிகட்டி வருகிறது என்பதுதான் கவலை. அந்த ஊழியரை அதே ப்ராஜெக்டில், அதே பொறுப்பில் மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் திங்கட்கிழமை மீட்டிங்குக்கு அவரையும் அழைத்து, ரிலீஸ் தேதியை முடிவு செய்வதற்கு முன் அவருடைய டெஸ்டிங் அறிக்கையை முழுதாகக் கேளுங்கள். தயவுசெய்து, நடுவில் குறுக்கிடாமல்.

இப்படிக்கு,
பெயர் போட முடியாத உங்கள் ஊழியர்